நூல் கட்டாத ஒன்று

மின் நிலையத்தில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு நேரே அவளுடைய அறைக்கு வந்து, "அக்கா, டர்பைன் பத்தி எனக்குப் புரியற மாதிரி ஒரு புத்தகம் எடுத்துக் கொடுங்களேன்" என்று கேட்டதும் உண்டு. நிலையத்து நூலகம் இவள் பொறுப்பில் இருக்கிறது என்று அந்தப் பெண் முடிவே கட்டிவிட்டிருந்தாள். நூலக்கா தன் கழுத்தில் தொங்கிய நூல்களைக் கொத்தாகத் தூக்கிக் காட்டி, "அந்த நூல் இல்லைம்மா, இந்த நூல்" என்றாள்.

அவள் வேலை படம் பிடிப்பது. விழாவுக்கோ விருந்தாளிக்கோ அல்ல, இயந்திரங்களுக்கு. பராமரிப்புக்காக ஓர் இயந்திரத்தை நிறுத்தித் திறந்து போடும்போது, அவள் கேமராவோடு அதன் வயிற்றுக்குள் தவழ்ந்து போவாள். விரிசல், துரு, தேய்ந்த இடம், கருகிய இடம் என்று ஒவ்வொன்றையும் கிட்டப் போய் எடுத்து வருவாள். போன தடவை எடுத்ததையும் இந்தத் தடவை எடுத்ததையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துத்தான் இன்ஜினியர்கள் எதை மாற்றுவது, எதை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவது என்று முடிவெடுப்பார்கள். ஒரு மனித முகத்தைக் கடைசியாக எப்போது எடுத்தாய் என்று கேட்டால் அவள் யோசிக்கத்தான் வேண்டும்.

கேமரா என்பது தனியாக வருகிற ஆசாமி இல்லை. குஞ்சு குளுவான்களையும் இழுத்துக்கொண்டுதான் வரும். லென்ஸுக்கு முன்பக்கம் மாட்டும் மூடி, மாற்று பேட்டரி, நகத்தளவு மெமரி கார்டு, அதைப் போட்டு வைக்கும் டப்பி, தூசி தட்டும் பிரஷ், துடைக்கும் துணி, லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய விளக்கு. வெளியே நின்று படம் எடுக்கிறவர் கையிலிருந்து ஒரு மூடி நழுவினால் குனிந்து எடுத்து ஊதிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஜெனரேட்டருக்குள் நழுவினால் கதையே வேறு. அது மறுபடி சுழல ஆரம்பிக்கும்போது உள்ளே எழும் காற்று, அந்த மூடியைத் தூக்கி அடித்து, செப்புக் கம்பிகளுக்குப் போர்த்தியிருக்கும் உறையில் மாதக்கணக்காக உரசவைத்துக்கொண்டே இருக்கும். உறை தேய்ந்து போனால் இயந்திரமே போச்சு. அதனால் உள்ளே போகிற பொருள் எதுவானாலும் வெளியே வந்தாக வேண்டும்.

அதற்குத்தான் நூல். கெட்டியான நைலான் நூலை வாங்கி அவளே முறுக்கித் தைத்துக்கொண்டாள். மூடிக்கு நீலம், பேட்டரி உறைக்குச் சிவப்பு, துணிக்கு மஞ்சள். மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு நூல். எல்லாம் கழுத்திலோ இடுப்புப் பட்டையிலோ வந்து முடியும். "அக்கா நடந்து வந்தா தூக்கணாங்குருவிக் கூடு நடந்து வர்ற மாதிரியே இருக்கு" என்பார் மூத்த ஃபிட்டர். அவள் அதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

திறந்த இயந்திரத்தைச் சுற்றித் துணிக் கூடாரம் போட்டுவிடுவார்கள். உள்ளே போக ஒரே ஒரு வாசல். அங்கே ஒரு மேஜை, ஒரு வெள்ளைப் பலகை, ஒரு ஆள். பையே இல்லாத உடுப்பை மாட்டிக்கொண்டு வருகிறவர், கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் அவரிடம் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் பலகையில் எழுதுவார். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாகக் கேட்டு அழிப்பார். "ஸ்பேனர் இருக்கா? டார்ச் இருக்கா?" இப்படிக் கேட்டுக் கேட்டே அந்த ஆளுக்கு 'இருக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. "இன்னிக்கு வாசல்ல யாரு?" "இருக்காதான் இருக்கார்" என்று ஃபிட்டர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த இருக்கா, நூலக்காவின் கணவர்.

இருவரும் பிரிந்து பல வருஷமாகிவிட்டது. விவாகரத்து, வழக்கு என்று எதுவும் இல்லை. நிலையத்துக் குடியிருப்பின் ஒரு கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், குடும்பத்தோடு இருப்பவர்களுக்கான வீட்டில் அவர் தனியாக இருந்தார். மறுகோடியில், தனியாட்களுக்கான மாடிக் கட்டடத்தில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள இடத்தில் அவள் இருந்தாள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் லேசாகத் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் வாய்விட்டுப் பேசுவது வருஷத்தில் ஏதாவது ஓர் இயந்திரம் திறக்கப்படும்போது, அந்த வாசலில்தான்.

"மூடி இருக்கா?"

"இருக்கு."

"பேட்டரி ரெண்டு இருக்கா?"

"இருக்கு."

"துணி?"

"இருக்கு."

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். சுற்றி நிற்கிற ஃபிட்டர்கள் அந்த நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, கூடாரத் துணியில் ஏதோ அதிசயம் எழுதியிருப்பதுபோல அதையே பார்ப்பார்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்வாள். "அப்பாவைப் பார்த்தியாம்மா?" என்று கேட்பாள்.

"பார்த்தேன்."

"என்ன சொன்னாரு?"

"பிரஷ் இருக்கான்னு கேட்டாரு."

மகளுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். இரண்டையும் மறைக்க வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

பிரிந்ததற்கு என்ன காரணம் என்று குடியிருப்பில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நடந்தது சின்ன விஷயம். அந்தக் காலத்தில் அவள் இப்படி நூலும் கையுமாக அலைகிறவள் இல்லை. எதையும் எங்கேயும் வைத்துவிட்டு மறப்பவள். லென்ஸ் மூடி சமையல் மேடையில் இருக்கும், பேட்டரி மகளுடைய பென்சில் பெட்டியில் இருக்கும், சார்ஜர் வயர் துவைக்கிற துணிகளோடு ஊறிக்கொண்டிருக்கும். அவர் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பார். சாயங்காலமானால், "சாவி எங்க? மூடி எங்க? கார்டு எங்க?" என்று வாசல் மேஜையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிடுவார். அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பொருள் கிடைத்துவிட்டால் சிரித்துவிடுவாள்.

ஒரு நாள் மகள் பள்ளி நீச்சல் போட்டியில் முதலாவதாக வந்தாள். அவருக்கு அன்று ஷிஃப்ட். "நீ எடுத்துட்டு வா, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிப் போயிருந்தார். அவள் குளத்தின் ஓரமாகவே ஓடி ஓடி எடுத்தாள். மகள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிச் சுவரைத் தொட்ட அந்த நொடியும் கிடைத்தது. கார்டு நிறைந்துவிட்டதென்று கழற்றி வேறு கார்டு போட்டாள். கழற்றியதை எங்கே வைத்தாள் என்பது இன்றுவரைக்கும் தெரியாது. வீட்டில் பையைக் கொட்டினார்கள், பெஞ்சை நகர்த்தினார்கள், செருப்புக்குள்ளேகூடக் கைவிட்டுப் பார்த்தார்கள். அவர் தரையோடு தரையாகப் படுத்து அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்:

"உன்னை நம்பி ஒரு பொருளைக் கொடுக்க முடியுமா?"

மகள் ஈரத்தலையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மகள் கேட்க அப்படிச் சொன்னதுதான் நூலக்காவுக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுநாள் அதே வீட்டில் சமைத்தாள், சாப்பிட்டாள், சிரிக்கவும் செய்தாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போன கையோடு, தனியாட்களுக்கான அறை கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவள் மூட்டை கட்டும்போது, அவளுடைய சாமான்கள் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து எடுத்துக் கொடுத்தார். புது அறைக்கு வந்த முதல் வாரத்தில் அவள் நைலான் நூல் வாங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் தொலைக்கவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் இயந்திரத்தைத் திறந்த வருஷம் நிலையத்தில் அவளுக்குப் புது கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். பழையது அவளோடு தவழ்ந்து தவழ்ந்து முட்டி தேய்ந்துபோயிருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றே உட்கார்ந்து மூடி, பேட்டரிக் கதவு, கண் வைத்துப் பார்க்கும் இடத்து ரப்பர் என்று அசைகிற பாகங்கள் எல்லாவற்றுக்கும் நூல் கட்டினாள். கேமராவின் உச்சந்தலையில், ஃப்ளாஷ் மாட்டும் காடிப் பள்ளத்தில், ஒரு சின்ன கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. தூசி போகாமல் இருக்க வைத்தது. பழைய கேமராவில் அது எந்தக் காலத்திலோ விழுந்து போயிருந்ததால், அப்படி ஒன்று உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கறுப்பு உடம்பில் கறுப்புத் துண்டு. உடம்போடு உடம்பாகக் கிடந்தது.

காலையில் வாசலுக்குப் போனாள். அவர் மேஜையில் இருந்தார். அவளைப் பார்த்ததைவிடப் புது கேமராவைத்தான் அதிகம் பார்த்தார். திருப்பச் சொன்னார், திருப்பினாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எழுதினார். முடிந்ததும் அவர் மார்க்கரை மூடாமல் எதையோ கேட்க வாயெடுத்தார். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும், அந்தக் கேள்விக்கு முன்னால் வரும் முகம்.

"அவ்வளவுதான்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஜெனரேட்டரின் நடுவே சுழலும் பெரிய உருளையை வெளியே உருவி எடுத்திருந்தார்கள். அது இருந்த இடம் ஒரு நீளமான குழாய்போல, சுற்றிலும் இரும்புத் தகடுகளோடு, இரண்டு முனைகளிலும் கம்பிச் சுருள்கள் புடைத்துக்கொண்டு கிடந்தது. ரப்பர் பாயில் மல்லாந்து நகர்ந்து நகர்ந்து அவள் எடுத்தாள். அங்கே வெளியிலிருந்து சத்தம் எட்டாது. தன் மூச்சும் கேமராவின் கிளிக்கும்தான் கேட்கும். அந்த அமைதி அவளுக்குப் பழகிப்போனது. அவளுடைய அறையிலும் ஏறக்குறைய அதே அமைதிதான்.

வெளியே வந்தபோது அவர் கேட்டார், அவள் சொன்னாள். மூடி, பேட்டரி, டப்பி, பிரஷ், துணி, விளக்கு. பலகையில் எல்லாம் அழிந்தது. அவள் நகரப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார். அது பலகையில் இல்லாத வார்த்தை. ஃபிட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேமரா தலையில ஒரு சின்ன கறுப்புத் துண்டு இருந்துச்சே. அது எங்க?"

அவள் தொட்டுப் பார்த்தாள். காடி வெறுமையாக இருந்தது. விரல் நுனியில் உலோகம் சில்லென்று பட்டது.

அவ்வளவுதான், வேலை நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரையும் வெளியே அழைத்தார்கள். பெரிய இன்ஜினியர் வந்தாள். எல்லோரும் இன்ஜினியரம்மா என்று கூப்பிடும் அந்தப் பெண் பேச்சில் கறார், ஆனால் நியாயமானவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர்தான் உள்ள போகலாம். அந்தத் துண்டு எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ரெண்டு பேர் போங்க" என்றாள்.

அப்படித் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

அவர் மூட்டு வலிக்காரர். முனகிக்கொண்டே பாயில் இறங்கினார். அவள் இடது பக்கம், அவர் வலது பக்கம். தகடுகளுக்கு இடையே இருந்த சந்து சந்தாக டார்ச் அடித்துக்கொண்டு போனார்கள். அவள் பார்க்க நினைக்கிற இடத்துக்கு அவருடைய வெளிச்சம் ஒரு கணம் முன்னாலேயே போய் நின்றது. பழைய பழக்கம். அலமாரிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் இப்படித்தான் தேடியிருக்கிறார்கள்.

"முட்டி எப்படி இருக்கு?" என்றாள். வாசலில் கேட்க முடியாததை இரும்புக்குள் கேட்க முடிந்தது.

"படி ஏறினா சத்தம் போடுது. உனக்கு பிரஷருக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"பொண்ணு."

"சாப்பிடுறேன்."

கொஞ்ச தூரம் நகர்ந்தார்கள்.

"காலையிலேயே கேக்கலாம்னு வாயெடுத்தேன்" என்றார் அவர். "நீ அவ்வளவுதான்னுட்ட. சரி, கேட்டா உனக்குப் பிடிக்காதுன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

அவள் டார்ச்சை அடுத்த சந்துக்குத் திருப்பினாள்.

மறுமுனையில் திரும்ப வேண்டியிருந்தது. அவர் கால் நீட்டிய பக்கமே அவளும் நீட்ட, இருவரும் கத்தரிக்கோல்போல மாட்டிக்கொண்டார்கள். "நீ முன்னால வா." "நீங்க காலை எடுத்தாத்தானே வர முடியும்." "எடுத்தா முட்டி பிடிச்சுக்கும்." "அப்ப இங்கேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் குழாயில் சிரிப்பு பத்து மடங்காக முழங்கியது. வெளியே நின்ற மூத்த ஃபிட்டர், "கிடைச்சிடுச்சு போலிருக்கு" என்றார்.

கிடைக்கவில்லை. இருவரும் தூசியும் வேர்வையுமாக வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

இப்போது கூட்டம் கூடிவிட்டிருந்தது. இயந்திரத்தை மூடும் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பொறுமையிழந்து நின்றார். "மேடம், பலகையில எழுதாத பொருளுக்கு இவ்வளவு கலாட்டாவா? புது கேமரா. அந்தத் துண்டு அட்டைப்பெட்டியிலேயே விழுந்து கிடக்கும். இவருக்குக் கண்ணு ஏமாத்தியிருக்கும். ரிட்டையர் ஆகப்போற வயசு" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. அது எல்லோருக்கும் வசதியான பதில்.

இன்ஜினியரம்மா இருக்காவைப் பார்த்தாள். "உள்ள போகும்போது இருந்துச்சா? உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் மேடம். இருந்துச்சு."

"அப்ப ஏன் எழுதல?"

அவள் "அவ்வளவுதான்" என்று சொன்னதை அவர் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்ஜினியரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்க கேமரா. இருந்துச்சா இல்லையா? எந்தப் பதிலா இருந்தாலும் எனக்குக் கஷ்டம்தான். அதனால உண்மையைச் சொல்லுங்க."

தெரியாது என்று அவள் சொன்னால் போதும். பொய்கூட இல்லை, பாதி உண்மை. மூடிவிடுவார்கள். நூலக்கா எதையும் தொலைக்காதவள் என்ற பெயர் அப்படியே நிற்கும். இருக்காவுக்கு வயதாகிவிட்டது, இல்லாததை எல்லாம் பார்க்கிறார் என்று நாளைக்கு கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தூசி படிந்த முட்டியைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவளிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத மனிதர்போல நின்றார். அதுதான் அவளை என்னவோ செய்தது.

"இருந்துச்சு மேடம்" என்றாள். "காலையில கேமராவைத் துடைச்சப்போ பெருவிரல்ல தட்டுப்பட்டுச்சு. இப்ப நல்லா ஞாபகம் வருது. நான்தான் வாசல்ல சொல்லல. நான்தான் உள்ள தொலைச்சிருக்கேன்."

தொலைச்சிருக்கேன் என்ற அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவள் நூல் நூலாகக் கட்டி வைத்திருந்தாள். சொல்லி முடித்தபோது வானம் இடிந்து விழவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நானும் எழுதல" என்றார் அவர், மெதுவாக. "என் தப்பும் உண்டு."

இன்ஜினியரம்மா பெருமூச்சு விட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தாள். நீண்ட கம்பியின் நுனியில் கடுகளவு கேமரா வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தானே உட்கார்ந்து கம்பிச் சுருள்களுக்குப் பின்னால் செலுத்திப் பார்த்தாள். அன்று கிடைக்கவில்லை. மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சுருளுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் இடையிலான இடுக்கில் அது கண்ணில் பட்டது. இன்ஜினியரம்மாவே கொக்கி விட்டு இழுத்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது, இதற்கா இத்தனை பாடு என்று நினைக்கும்படி ஒரு பூசணி விதை அளவுதான் இருந்தது.

இயந்திரம் தாமதமாக ஓட ஆரம்பித்தது. நூலக்காவுக்கும் இருக்காவுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கை வந்தது. ஃபிட்டர்கள் அதன் பிறகு அவளிடம் கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மரியாதையாலா, பரிதாபத்தாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேலியே தேவலை என்றிருந்தது.

இயந்திரத்தை மூடிய பிறகு கூடார வாசலைப் பிரிக்கும்போது அவர் அந்தத் துண்டை ஒரு காகித உறையில் போட்டு அவளிடம் நீட்டினார்.

"நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதுல நூல் கட்டறதுக்கு ஓட்டையே இல்ல" என்றார்.

"பரவாயில்ல" என்றாள் அவள். இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று நின்றாள். அவர் மேஜையின் கால்களை மடக்க ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். குடியிருப்பு வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. இதெல்லாம் அவளுக்கு மகள் சொல்லித்தான் தெரிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் காலை, அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மாடிப்படியை அவர் ஏறியதே இல்லை. ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"வாங்க" என்றாள்.

அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து டீ போட்டாள். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"அரை" என்றார். "இப்பல்லாம் அரைதான்."

மகள் வீட்டைப் பற்றிப் பேசினார். எட்டாவது மாடியாம். பால்கனியிலிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரியுமாம். லிஃப்ட் இருப்பதால் முட்டிக்குப் பிரச்சினை இல்லையாம். அவள் உம் கொட்டினாள். அவர் சுவரில் இருந்த ஜன்னலை, அடுப்பை, மடித்து வைத்த துணிகளைப் பார்த்தார். எதையும் எங்கே என்று கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு ரூம் இருக்கு அங்க" என்றார். "நீயும் வரலாம். பொண்ணும் சொன்னா."

"அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்? இங்க வேலை இருக்கு" என்றாள்.

அது மறுப்பு இல்லை. யாராவது இடைவெளி நிரப்பட்டும் என்று சொல்கிற பேச்சு. வேலை எப்போது முடியும் என்று கேட்டிருக்கலாம். லீவு போட்டுட்டு வா என்று சொல்லியிருக்கலாம். பொருளைப் பற்றி என்றால் பத்து தடவை கேட்கிற மனிதர், ஆளைப் பற்றி என்றால் ஒரு தடவைக்கு மேல் கேட்கத் தெரியாதவர்.

"அதுவும் சரிதான்" என்றார். டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவதை அவள் மேலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட இறங்கிப் போயிருக்கலாம் என்று, அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது. அன்றைக்குக் குளிர்விக்கும் கோபுரத்தின் வெளிச்சுவரில் விழுந்திருந்த விரிசல்களை எடுக்க வேண்டியிருந்தது. உச்சியில் காற்று பலமாக அடித்தது. வெயில் மஞ்சளாகும்வரை எடுத்தாள். அதன் பிறகு அன்று முழுக்க அவளோடு பேசியவர் லிஃப்ட் ஓட்டுகிறவர் மட்டும்தான், "மேலயா, கீழயா" என்று.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். அப்பாவுக்கு ரயில்களைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடுகிறது என்றாள். அக்கம்பக்கத்தில் யாரோடும் ஒட்டவில்லை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா உன்னைக் கூப்பிட்டாராமே. ஏம்மா வரல?"

நூலக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு தடவைதான் கூப்பிட்டார்" என்றாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா வெகுநாளைக்குப் பிறகு ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராமல் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.